பந்து வீசும் மேட்டைப் போட்டது நான்தான்

செங்கம் ரோட்டில் இன்று வரிசையாக நிற்கும் லாட்ஜுகளில் பாதிக்கு நிலத்தைச் சமன் செய்தவன் நான். அப்போது அது வெறும் முள்ளுக்காடு. கீழ்பென்னாத்தூர் பக்கம் மழை பெய்தால் மாட்டுவண்டிகூடப் போகாத பாதைகளில் கிராவல் கொட்டி பஸ் ஓட வைத்தேன். தீபத்துக்கு வரும் வண்டிகள் நிற்பதற்கு ஊருக்கு வெளியே இருக்கும் மைதானங்கள், கல்யாண மண்டபங்களின் அடித்தளம், வெள்ளத்தில் உடைந்த ஓர் ஏரிக்கரை, எல்லாம் என் கை பட்டவை. படிப்பு ஐந்தாவதோடு சரி. கூடையும் மண்வெட்டியுமாகக் கூலிக்குப் போனவனுக்கு இன்று சொந்த டிப்பர், சொந்த பொக்லைன். "மண்ணு வாரி எவன்டா பொழச்சான்?" என்று கேட்ட என் தாய்மாமன் வீட்டுக்கும் கடைக்கால் நான்தான் எடுத்தேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு வேலை செய்தேன். உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். என் ஆயுசில் என்னை அத்தனை யோசிக்க வைத்த வேலை வேறு கிடையாது.

பைபாஸ் பக்கத்து மைதானத்தைச் சமன் செய்ததும் நான்தான். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுவதை ஒரு நாள் வண்டியில் போகும்போது பார்த்தேன். கிரிக்கெட் என்று நினைத்தேன். ஆனால் மட்டை உருண்டையாக இருந்தது, ஸ்டம்பைக் காணோம். ஒருவன் வெல்டிங் பட்டறையில் இருப்பவன் மாதிரி முகமூடி போட்டுக் குந்தியிருந்தான். வண்டியை ஓரம் கட்டினேன். சோற்றுக்கையால் எறிகிறவன் எதற்கு இடது கையில் தோல் உறை போடுகிறான்? அடித்தவன் மட்டையை ஏன் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறான்? பேஸ்பால் என்றார்கள். என் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் நாட்டில் இந்த ஆட்டத்தை ஆடுவதே இல்லையாம். வெள்ளைக்காரர் என்றால் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று இடங்களைத் தொட்டுச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். கிரிவலம் போகிற ஊர்க்காரனுக்கு இது புரியாமல் போகுமா?

முதலில் இரண்டு பள்ளிக்கூடங்கள்தான் மாற்றி மாற்றி ஆடின. உறை எல்லாருக்கும் பற்றாது. ஒரு கட்சி கழற்றிப் போட்டால்தான் அடுத்த கட்சி மாட்டிக்கொள்ள முடியும். பிறகு போளூரிலிருந்து ஒரு வேன் வந்தது. ஆரணியிலிருந்து வந்தது. பெண்பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி, பொடிசுகளுக்குத் தனிப் போட்டி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் பிடிக்கச் சண்டை. ஊரே கிரிக்கெட் பார்க்கையில் இது எப்படி முளைத்தது என்று, பிள்ளைகளைப் பழக்குகிற பி.டி. சாரைக் கேட்டேன்.

"கிரிக்கெட்ல நம்ம புள்ளைங்க போய் நிக்கறதுக்குள்ள பெரிய ஊர் பசங்க எடத்தைப் புடிச்சிடறாங்க ஐயா. இது எல்லாருக்குமே புதுசு. யாரும் யாருக்கும் முன்னாடி இல்ல."

அதே சார்தான் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாநிலப் போட்டியை இங்கே நடத்தலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து சங்கத்துக்காரர்கள் வருகிறார்களாம். மைதானத்தின் நடுவில் பந்து வீசுகிறவருக்கு ஒரு மேடு வேண்டுமாம். இல்லாவிட்டால் போட்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

"நான் லெவல் பண்ண மைதானம் சார் அது. அதுல என்னையே மேடு போடச் சொல்றீங்களே!"

போனில் படம் காட்ட வந்தார். "மண்ணுலயே கெடக்கறவன் சார் நான், எனக்கு எதுக்குப் படம்?" என்று அனுப்பிவிட்டேன். இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். ஏற இரண்டு படி, ஓரத்தில் சிமெண்டுப் பூச்சு. பார்க்க லட்சணமாக இருந்தது.

எங்கள் அணிக்குப் பந்து வீசுகிற பெண் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். ஒன்பதாவது படிக்கிறாள், வாய் ஜாஸ்தி. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"தாத்தா, இதுல நான் பந்து போடணுமா, கொடி ஏத்தணுமா?"

கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மொதல்ல ஏறிப் போட்டுப் பாரும்மா" என்றேன்.

போட்டாள். முன்னங்கால் வைக்க இடமில்லாமல் கீழே வந்து முட்டி போட்டு விழுந்தாள். மண்ணைத் தட்டிக்கொண்டு, "றெக்கையும் கட்டி உட்டீங்கன்னா தேவல" என்றாள்.

"உயரம்னா நிக்கறதுக்குத்தானே பாப்பா?"

"நிக்கறதுக்கு இல்ல தாத்தா, எறங்கறதுக்கு. பந்தோட சேந்து நானும் முன்னாடி எறங்கணும். அப்பதான் வேகம் வரும்."

மேடு என்றால் ஏறுவதற்கு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இது இறங்குவதற்கான மேடு! அன்றே இடித்துத் தள்ளினேன். அவளைச் சமதரையில் வீசச் சொல்லி, மாடு வாங்கப் போனவன் மாட்டின் நடையைப் பார்க்கிற மாதிரி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னங்கால் ஒரே இடத்தில் விழுந்து குழி பறித்தது. எங்கே மண் இறுகி இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழி சொல்லிவிட்டது. சாரிடம் படத்தையும் வாங்கிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன், இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஏரிக் களிமண்ணையும் செம்மண்ணையும் கலந்து, தண்ணீர் தெளித்து, மெல்லிய படை படையாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தோம். கால் விழும் இடத்தில் மட்டும் சுத்தக் களிமண். முன்பக்கம் கண்ணுக்கே தெரியாத சரிவு. அவள் ஏறினாள், வீசினாள். முகமூடிக்காரியின் உறையில் பந்து விழுந்த சத்தம் எனக்கு வேட்டு மாதிரி கேட்டது.

"எப்படிம்மா?"

"இப்ப ஓக்கே தாத்தா." அவ்வளவுதான் சொன்னாள்.

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் டேப் வைத்து அளந்தார். மேட்டில் ஏறி நின்று, பந்து வீசுகிற மாதிரி இறங்கிப் பார்த்தார். "யார் போட்டது?" என்றார். நான் பக்கத்திலேதான் நின்றிருந்தேன்.

"நம்ம ஊர்லயே பண்ணோம் சார்" என்றார் பி.டி. சார்.

போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் ரயிலிலும் வேனிலும் வந்து இறங்கினார்கள். லாட்ஜில் இடமில்லை. தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்தவர் ஷாமியானாக்காரருக்கு நன்றி சொன்னார், தண்ணீர் கேன் போட்டவருக்குச் சொன்னார், பொங்கல் வடை கொடுத்தவருக்கு இரண்டு தடவை சொன்னார். பிறகு ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

சாரை ஓரமாகக் கூப்பிட்டேன். "இன்னா சார் இது?"

"மண்ணு வேலைதானே ஐயா, அதெல்லாம் எந்த ஊர்லயும் மைக்ல சொல்றதில்ல" என்று சிரித்தார்.

எந்த ஊரிலும் சொல்லாவிட்டால் போகட்டும், எங்கள் ஊரில் சொல்ல வேண்டும். இப்போது பக்கத்து மாவட்டத்திலிருந்தும் ஆள் வந்து என் மேட்டைப் படம் பிடித்துப் போகிறார்கள். இந்த மாவட்டத்தில் இந்த ஆட்டம் வளர்ந்த கதையை யார் எழுதினாலும், முதல் மேட்டைப் போட்டவன் நான் என்று எழுத வேண்டும். சரிவைச் சொன்னது அந்தப் பெண் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அடுத்த போட்டியில் முதல் பந்து விழுவதற்கு முன்னால் மைக்கில் என் பெயர் வர வேண்டும். பொங்கல் வடைக்கு முன்னால் வர வேண்டும்.