காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

பயணிகள் ரயில் ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் பவானி பென்சிலை எடுத்துவிடுவாள். இணையத்தில் அனுப்ப வேண்டிய உதவித்தொகை விண்ணப்பமானாலும் அச்செடுத்து, முதலில் பென்சிலால் நிரப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். பெயர், துறை, ஆய்வுத் தலைப்பு, கோரும் உதவி. வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொள்ளும். பரங்கிப்பேட்டை வருவதற்குள் பாதியை அழித்து மறுபடி எழுதுவாள். சிதம்பரத்தில் எழும்போது மடியெல்லாம் ரப்பர் துகள் உதிரும்.

வயது இருபத்தொன்பது. தகவல் தொடர்பியலில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. உதவித்தொகை கிடையாது. வாரத்தில் மூன்று மாலை கடலூரில் கேபிள் டிவி விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறாள். ஆடித் தள்ளுபடிக்கு ஊரையே கூவி அழைப்பது இவள்தான் என்று துறையில் யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் போட்டே பழகியவள், கல்யாணத்துக்கு அழைத்தால்கூட, "லாஸ்ட் டேட் என்னிக்கு?" என்று வாய்தவறிக் கேட்டுவிடுவாள்.

ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தது அம்மா அமராவதி. கூடையில் மீன் விற்பவள். ஒரு புயல் ஓய்ந்த மறுநாள், நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "கடலுக்குப் போற ஆம்பளைங்க போனுக்குப் புயல் வருதுன்னு மெசேஜ் வருது. கூடையத் தூக்கிக்கினு ஊர் ஊராப் போறமே, எங்களுக்கு யாரு சொல்றா?" அந்தக் கேள்வியைத்தான் முந்நூறு சொற்களாக்கி மகள் எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

பேரிடர் ஆய்வுக்கு நிதி தரும் இடத்தில், "இது மீடியா சப்ஜெக்ட்டும்மா" என்றார்கள். ஊடக ஆய்வுக்குத் தரும் இடத்தில், "இது டிசாஸ்டர்ல வருது" என்றார்கள்.

பக்கத்து மேசை சுவேதா, உதவித்தொகை கிடைத்து, களப்பணிக்கு ராமேசுவரம் கிளம்பினாள். பவானிதான் பெட்டியைத் தூக்கிவந்து ரயில் ஏற்றினாள். "எனக்கும் ஒரு மூணு மாசம் கெடச்சாப் போதும்டி. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் கூடைக்கார அம்மாங்க கூடவே நடக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள் பவானி. வண்டி போன பிறகும் நடைமேடையில் நெடுநேரம் நின்றிருந்தாள்.

தை மாதம் சென்னை அறக்கட்டளை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. தேர்வானவர்களில் யாராவது விலகினால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் மின்னஞ்சல் வரும். வராவிட்டால் அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவள் கையை விட்டுப் போன் இறங்கவில்லை. யாரோ முகம் தெரியாதவருக்கு வேறு நல்ல இடம் கிடைக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை நாலு மணிக்குத் துறைமுகத்தில், விற்று முடித்த பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கூட்டாளி புஷ்பவள்ளி, பல மாதமாக "அப்பறம் பேசலாம்" என்று நழுவியவள், கேட்காமலே ஆரம்பித்தாள். "அந்தப் புயலன்னிக்கு நான் பண்ருட்டி பஸ்ல இருந்தேன். ஊர்ல புள்ளைங்க தனியா…"

பவானி அவசரமாகப் போனில் ஒலிப்பதிவைத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் போகவில்லை, டிங்கென்று சத்தம். பதறிப் பார்த்தாள். ஏதோ ரீசார்ஜ் விளம்பரம்.

புஷ்பவள்ளி பேச்சை நிறுத்திக்கொண்டாள். "இன்னா முக்கியமோ, பாரும்மா. நாம அப்பறம் பேசிக்கலாம்."

மணி நாலு நாற்பது. பவானி திரையையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு எந்தச் செய்தியும் அழைப்பும் உள்ளே வராதபடி ஃப்ளைட் மோடில் போட்டு, போனைப் புஷ்பவள்ளியின் முழங்காலருகே வைத்தாள்.

"சொல்லுங்க அத்தை. பஸ்ல இருந்தீங்க."