சின்னத்தொரை பார்த்த துளிர்

மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு நான் வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த நாளாய்ப் பின்வாசலில் ஒரு மரம் மொட்டையாக நிற்கிறது. மார்ச் மாதம் பாதி போய்விட்டது, ஓர் இலை இல்லை.

"அது செத்துப் போச்சுப்பா. ஆள வரச் சொல்லி வெட்டிடலாம்னு இருக்கோம்" என்றாள் மகள்.

என் கோட்டுக்கு மேல் மருமகனின் கோட்டையும் மாட்டிக்கொண்டு, மூட்டை நடப்பதுபோல் போய், கிளையை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. மோந்து பார்த்தேன். அந்த ஈரப்பட்டை வாசம் என்னை அப்படியே மலேசியாவில், மலாக்கா குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் போகாதவன். ஆனாலும் மலாக்காவில் இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரி ஆறு ஓடுகிறது. மரத்தைப் பற்றிப் படித்தவன் யார் வந்தாலும் என்னிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான்.

வெயில் நாட்டில் ஏது குளிர்காலம் என்பீர்கள். ரப்பர் மரத்துக்கு உண்டு. தை முடியும்போது இலை சிவக்கும், மஞ்சளாகும், பிறகு மழைபோலக் கொட்டும். தோட்டமே வெறும் குச்சியாகிவிடும். கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். வருஷம் முழுக்க நிழலில் கிடந்த நாங்கள் திடீரென்று வானத்துக்கு அடியில் நிற்போம். முதல்முறை அதைப் பார்த்தபோது கோயிலுக்குள் வந்து கூரையைக் காணாதவன் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் செம்புக் காசு நிறத்தில் துளிர் விடும். பூவும் கூடவே வரும். தேனீ இரைச்சலும் அந்த வாசமும் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து அடுப்படி வரைக்கும் வரும்.

நான் சொல்வது அவசரகாலம், வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட காலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். விடிந்து கேட் திறந்தால்தான் பால் வெட்டும் வேலைக்காட்டுக்குப் போக முடியும். போகும்போது தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறு வெளியே விடமாட்டார்கள்.

அப்படி ஒரு காலை என் நிரைக்குப் போனேன். நிரை என்றால் ஒரு ஆளுக்குப் பால் வெட்ட ஒதுக்கிய மரங்கள். காட்டோரமாக இருந்த நூறு மரத்துக்கு மேல் பாராங் கத்தியால் கண்டபடி கொத்தியிருந்தது. தோட்டத்துக்கு நஷ்டம் வைக்கக் காட்டுக்குள் இருந்தவர்கள் செய்த வேலை. பால் வேர் வரைக்கும் வழிந்து உறைந்திருந்தது. மரங்கள் அடிபட்ட மாடுகள் மாதிரி சத்தமில்லாமல் நின்றன.

தோட்டத்து மேனேஜர் பெரியதொரை வந்து பார்த்தார். இனி இது தேறாது, மருந்து அடித்துச் சாகடித்துவிட்டால் காட்டோரமும் வெளிச்சமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நிரை போனால் வேலை போச்சு. வேலை போனால் லயத்து வீடு போச்சு. என் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழு மாதம்.

எங்கள் கங்காணி, மண்டோர் ராமையாவிடம் போய் நின்றேன். "நான் என்னா செய்ய முடியும் லா? மரத்துக்குப் பேறுகாலம் பாக்கச் சொல்றியா?" என்றார்.

அதையேதான் செய்தேன். களிமண்ணும் சாணியும் குழைத்து ஒவ்வொரு காயத்திலும் அப்பினேன், பழைய சாக்கைக் கிழித்துக் கட்டினேன். லயமே சிரித்தது. மரத்துக்குக் கோவணம் கட்டுகிறவன் என்று பெயர் வைத்தார்கள்.

சிரிக்காத ஆள் ஒருவர், மேனேஜருக்கு அடுத்தபடி இருந்த சின்னத்தொரை. வெள்ளைக்கார வாலிபர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முகம் எப்போதும் வெந்த இறால் நிறத்தில் இருக்கும். அவர் கட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "இது சாகல்லே. தூங்குது. எங்க ஊர்லே எல்லா மரமும் இப்புடித்தான்."

பெரியதொரையிடம் அவரே பேசினார். இலை விடும் காலம் வரைக்கும் தவணை கிடைத்தது. துளிர் விட்டால் மரங்கள் நிற்கலாம். விடாவிட்டால் மருந்து.

அந்த வருஷம் நான் காத்திருந்த மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை, பிள்ளைக்குக்கூட. மற்ற மரங்கள் எல்லாம் தளதளவென்று சிவந்துவிட்டன. என் நூறு மரம் மட்டும் எலும்பாக நின்றது. சின்னத்தொரையும் காலையில் ஜீப்பை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். துப்பாக்கியோடு வந்த காவல்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விடுவார்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சின்னத்தொரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று துளிர் வந்ததா இல்லையா என்று கடைசியாகப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். மரம் அறுபதடி உயரம். மேலே ஒன்றும் இல்லை. எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"உச்சியில துளிர் தெரியுது தொரை" என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. வந்திருக்கு" என்றார். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரத்தில் கைவைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பெரியதொரை அந்தக் கையெழுத்தை நம்பினார். பத்தாம் நாள் நிஜமாகவே துளிர் வந்தது. ஏழெட்டு மரம் தவிர அத்தனையும் ஒரே காலையில் பற்றிக்கொண்ட மாதிரி சிவந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். பங்குனி கடைசியில் மகள் பிறந்தாள், அதே லயத்து வீட்டில்.

நாற்பது வருஷமாக இந்தக் கதையை என்னவென்று சொல்லிவந்தேன் தெரியுமா? வெள்ளைக்காரனையே ஏமாற்றியவன் நான் என்று. கல்யாண வீடுகளில், லாரிக் கொட்டகையில், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அதே வித்தையை இங்கே காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர், என் வயதுதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மரத்தில் புது இலை வந்துவிட்டது பார் என்றேன். அவர் நிமிர்ந்து ஒரே தடவை பார்த்தார். இன்னும் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வருஷத்தில் பாதி நாள் மொட்டைக் கிளையைப் பார்த்து வளருகிற ஊர் இது. துளிர் எது, வெறுங்கிளை எது என்று இவர்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்கிறார்கள். சின்னத்தொரையா ஏமாந்திருப்பார்?

அன்றைக்கு அவர் அவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது யோசிக்கிறேன்.

என் நிரை இருந்த இடத்தில் இன்றைக்குத் தொழிற்சாலை. தகரக் கூரை எந்த மாதத்திலும் உதிர்வதில்லை, அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதுமில்லை. லயம் போய்விட்டது, முள்கம்பி போய்விட்டது, ராமையா போய்விட்டார். சின்னத்தொரை இந்தக் குளிர்நாட்டில் எந்த ஊர்க்காரரோ. போய்க் கும்பிடலாம் என்றால் யாரென்று விசாரிப்பது? தொரை, தொரை என்றே கூப்பிட்டேன். அவர் பெயரை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.