தபூக்கில் ஒன்பது பறவைகள்

தபூக்கில் வாளித் தண்ணீர் உறையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சவூதி என்றாலே வெயில்தான் என்று நினைத்து, நாலு நைட்டியும் இரண்டு பருத்திச் சேலையும் மட்டும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்தேன். டிசம்பரில் ஒரு காலை, கொல்லையில் இருந்த வாளிக்குள் கையை விட்டேன். விரல் பனிக்கட்டியில் இடித்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வீட்டுக்கார மேடம், தன் பிள்ளைகள் கேட்டார்கள் என்று சந்தையிலிருந்து ஐந்து கோழி, ஒரு சேவல், மூன்று வாத்து வாங்கி வந்து கொல்லையில் விட்டிருந்தார். கூடு எதுவும் இல்லை. சுவரோரம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

வீட்டு டிரைவர் கீழக்கரைக்காரர். காரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வருசா வருசம் இதே கததான் தங்கச்சி. வாங்குவாங்க, ஜனவரில ஒவ்வொன்னா செத்துரும். மறுபடி வாங்குவாங்க. ஒனக்கு முன்னாடி இருந்த சமையக்காரம்மாவும் குளிர் தாங்காம ஊருக்குப் போயிருச்சு. நீயும் தாங்க மாட்டேன்னுதான் மேடம் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

கூடு கட்டப் பலகை வாங்கித் தரச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். "மாஃபி, கிடையாது. உன் வேலை கிச்சனில்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து மனைக்குப் போனேன். அங்கே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. டைல்ஸ் வந்திறங்கிய மரச்சட்டங்களை வெளியே எறிந்திருந்தார்கள். மத்தியானம் எனக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் அவற்றை இழுத்து வந்து, டிரைவரிடம் சுத்தியல் வாங்கி, நாலு நாளில் ஒரு கூட்டை நிறுத்தினேன். காற்று துளியும் புகக்கூடாதென்று சுற்றிலும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஆணி அடித்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு. ஊரில் கோழி வளர்த்திருக்கிறேன், ஆனால் குளிரை எனக்குத் தெரியாதே. ஒரு வாரத்தில் சேவலின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. சேவலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஒரு ஹீட்டர் பல்பப் போட்டு விடு" என்றார் டிரைவர்.

"வைக்கோலும் மரமுமா இருக்குண்ணே. தீப்பிடிச்சா வீடே போயிரும்."

கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். உள்ளே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பறவைகளின் மூச்சும், வாத்துகள் தட்டிக் கொட்டிய தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டன. ஈரத்தோடு குளிர் சேர்ந்துதான் கொண்டையைத் தின்றிருக்கிறது. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் சாண் அளவுக்குப் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். கீழ்ப்பகுதியை மட்டும் மூடியபடி விட்டேன். தண்ணீர்ச் சட்டியை வெளியே வைத்து, காலையிலும் மத்தியானமும் வெதுவெதுப்பாக மாற்றி ஊற்றினேன். வாத்து தலையை முக்கிக் கண்ணும் மூக்கும் கழுவவேண்டும், அதற்கு ஆழமான சட்டி. கோழிகள் உட்காரும் குச்சியை எடுத்துவிட்டு அகலமான பலகையைப் போட்டேன். இப்போது அவை தட்டையாக உட்கார்ந்து இறகுக்குள் கால் விரல்களை மூடிக்கொண்டன. வாத்துகளுக்குத் தரையில் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பினேன். என் உதட்டுக்கு வைத்திருந்த வாசலினைச் சேவலின் கொண்டைக்குத் தடவினேன்.

மேடம் கிழிசலைப் பார்த்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? இந்தக் குளிரில் ஓட்டை போட்டிருக்கிறாய். மூடு."

எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், "மூட மாட்டேன் மேடம்" என்றேன். அந்த வீட்டில் அதுவரை நான் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

"செத்தால்?"

"செத்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்."

நான் மூடவில்லை. அவரும் ஆள் வைத்து மூடவில்லை.

ஜனவரியில் தூரத்து மலை பனி விழுந்து வெளுத்தது. டிரைவரிடம் அவருடைய பழைய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தினமும் விடிந்ததும் கூட்டைத் திறப்பேன். ஒவ்வொன்றாக இறங்கி வரும். ஒன்பது. மறுநாளும் ஒன்பது. உதடு வெடித்து, விரல் மரத்து, எண்ணும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்கும். ஒரு நாளும் எட்டு என்று நான் எண்ணவில்லை. சேவலுக்குக் கொண்டை நுனி போனதுதான் மொத்த நஷ்டம்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வாத்து வைக்கோலுக்குள் முட்டை இட்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை விருந்துக்குச் சில பெண்கள் வந்தார்கள். மேடம் ஜன்னல் வழியே கொல்லையைக் காட்டி, இந்தக் குளிரில் தானே இவற்றைக் காப்பாற்றி வளர்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை மேசைமேல் வைத்தேன்.

"அனா" என்றேன், என் நெஞ்சில் கை வைத்து. நான்தான்.

மேடத்தின் முகம் சிவந்தது. பிறகு அந்தப் பெண்களில் வயதான ஒருவர் என் பக்கம் திரும்பி, கூட்டின் மேலே ஏன் திறந்து விட்டிருக்கிறாய் என்று கேட்டார். தட்டை அங்கேயே விட்டுவிட்டு, அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன்.