முந்நூறாவது கன்ட்ரோல்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுக்கும் குழாய்களை ஒரு தாங்கியில் அடுக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போவதால் வந்த பெயர். வைத்தது நான்தான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒரு நாளும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் பெரிய டாக்டரம்மா நடத்திய ஓர் ஆராய்ச்சியில் வேலை பார்த்தோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த முந்நூறு பெண்களிடமும், வராத முந்நூறு பெண்களிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். நம் உடம்பில் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. தினம் தினம் அங்கங்கே சேதமாகிக்கொண்டே இருக்கும். அதைப் பழுது பார்க்கவென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. சிலருக்குப் பெற்றோரிடமிருந்து வரும்போதே அவற்றில் ஓர் எழுத்து, அச்சுப்பிழை மாதிரி, மாறியிருக்கும். பழுது பார்க்கும் வேலை கொஞ்சம் மந்தமாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறதா என்பதுதான் கேள்வி. அக்கா ரத்தம் எடுத்துப் படிவத்தை நிரப்புவாள், நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

நோய் வராத பெண்களுக்கு எங்கள் பாஷையில் 'கன்ட்ரோல்' என்று பெயர். அந்த வார்த்தையைச் சொன்னாலே வம்புதான். "நீங்க கன்ட்ரோல்மா" என்று அக்கா ஒரு தடவை சொல்லப்போக, "கட்டின புருஷனாலயே என்னை கன்ட்ரோல் பண்ண முடியல, நீ யாரு பண்றதுக்கு?" என்று அந்த அம்மாள் எகிறினாள். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கன்ட்ரோலாகச் சேர ஒரு நிபந்தனை உண்டு. கர்ப்பப்பை வாயில் லேசாகச் சுரண்டி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவிப் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருக்க வேண்டும். நிறையப் பேர் அதற்குப் பயந்து நழுவப் பார்ப்பார்கள். அக்கா விடமாட்டாள். "அஞ்சு நிமிஷ வேலைம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன், என் கையைப் புடிச்சுக்கங்க" என்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

வேலை முடியும் தறுவாயில் நான் ஸ்லைடு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூறாவது கன்ட்ரோலுக்கு ஸ்லைடு எண் இல்லை. அந்த இடத்தில் 'பார்த்தாச்சு, இயல்பு' என்று மட்டும் இருந்தது. வயது ஐம்பத்தொன்று, குழந்தைகள் இல்லை. ரத்த உறவில் யாருக்கேனும் இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு 'அம்மா, அக்கா' என்று பதில். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எல்லாப் படிவங்களிலும் 'தாயார்', 'மூத்த சகோதரி' என்று சர்க்கார் கடிதம் மாதிரி எழுதுகிறவள் குழாயக்கா. அறுநூறு படிவத்தில் இந்த ஒன்றில்தான் 'அம்மா, அக்கா' என்று எழுதியிருந்தாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக ரத்த மாதிரிகள் இருக்கும் அறைக்குப் போனேன்.

"இது யாருக்கா?"

பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "கடைசியா வரேன்னு சொன்ன பொண்ணு வரல. ஒரு ஆள் குறைஞ்சுது. சரி, நம்ம ரத்தத்தையே குடுத்துடலாம்னு..."

"டெஸ்ட்?"

தாங்கியில் இருந்த குழாய்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுரீரென்று ஏறியது. "ஊருக்கெல்லாம் அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு, நீங்க பண்ணிக்காமலே பொய் எழுதி வெச்சீங்களா?"

"பார்த்து என்னடி ஆகப்போகுது? எங்க வீட்டு ரத்தமே அப்படி. அம்மா நாப்பத்திரண்டுல போனா. அக்கா முப்பத்தெட்டுல. என் முறை எப்பன்னுதான் எனக்குத் தெரியல."

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். இருபத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணமாகியிருக்கிறது. கணவர் இதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இரண்டு வருஷம் கழித்து அவளுடைய அக்கா இறந்ததும், தன் உடம்பிலும் அதுதான் ஓடுகிறது என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு பெண்ணைப் பெற்று அவளுக்கும் இதைக் கொடுப்பானேன் என்று குழந்தையே வேண்டாம் என்றாள். அவர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இவள் காரணம் சொல்லவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா பரவாயில்லைன்னு சொல்லிடுவாருடி. அவரு அப்படிப்பட்ட ஆளு. அப்புறம் நானும் சரின்னுடுவேன்."

அவர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் வேறு கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள் என்று கேள்விப்பட்டாளாம். அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷமாக அவள் தனியாகத்தான் இருக்கிறாள். மூன்றாவது மாடியில் இருந்த அவள் அறைக்கு நான் ஒரு தடவை போயிருந்தேன். அங்கே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. என்னை உட்காரவைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே பேசினாள். காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் வருவாளாம், சாயங்காலம் கதவைத் திறந்ததும் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. மின்சாரத்துக்குப் பிடித்த கேடு என்று நான் கிண்டல் பண்ணியிருந்தேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

"நாளைக்கே டெஸ்ட் பண்ணிக்கிறீங்க. இல்லேன்னா பெரிய டாக்டரம்மாகிட்ட நானே போய்ச் சொல்லுவேன்" என்றேன்.

அவளே போய்ச் சொன்னாள். டாக்டரம்மா சத்தம் போட்டுவிட்டு, ஸ்லைடு எடுத்துச் சரியாக வந்தால்தான் அந்த எண்ணைச் சேர்ப்பேன் என்றார். மறுநாள் பரிசோதனை அறையில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. உண்மையிலேயே ஐந்து நிமிஷம்தான். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது, ஒன்றுமில்லை. நான் துள்ளினேன், அவள் துள்ளவில்லை. "இப்போதைக்கு இல்ல. ரத்தத்துல இருக்கான்னு உங்க கம்ப்யூட்டர்தான் சொல்லணும்" என்றாள். அந்தச் செய்திக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

நாலு மாதம் கழித்து மரபணு முடிவுகள் வந்தன. டாக்டரம்மா எங்களை எல்லாம் கூப்பிட்டு விளக்கினார். "பழுது பார்க்குற மரபணுக்கள்ல மூணு இடத்தைப் பார்த்தோம். ஒரே ஒரு இடத்துல மட்டும் அந்த மாறுதல் நோயாளிங்ககிட்ட கொஞ்சம் அதிகமா இருக்கு. ஆனா அதே மாறுதலை வெச்சுக்கிட்டு நல்லா இருக்கிறவங்க நம்ம கன்ட்ரோல்லயே எத்தனையோ பேர். இது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஒரு ஆளோட தலையெழுத்து இல்ல. இந்த நோய்க்கு முக்கியக் காரணம் வைரஸ்தான். அது நோயா முத்துறதுக்கு முன்னாடியே டெஸ்ட்ல கண்டுபுடிச்சுடலாம்."

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு வந்திருந்தா டாக்டர்?"

"ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தாங்களா?"

"இல்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ ரத்தத்து மேல மட்டும் எப்படிம்மா பழி போடுறது?" என்றார் டாக்டரம்மா.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "என்னோடதைப் பார்த்துச் சொல்லுடி" என்றாள். தனி ஆளின் முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸைத் திறந்து பார்த்தேன். முந்நூறாவது கன்ட்ரோலுக்கு மூன்று இடத்திலும் சாதாரண எழுத்துதான். டாக்டரம்மா சந்தேகப்பட்ட மாறுதல் எதுவுமே அவளிடம் இல்லை.

மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "அக்கா, உங்ககிட்ட இல்ல! மூணுலயும் இல்ல!"

"நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன். சத்தியமா இல்ல. இந்த மூணைத் தாண்டி நாங்க பார்க்காதது எவ்வளவோ இருக்குதான், அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா நாலு வருஷமா நாம தேடினது உங்ககிட்ட இல்லக்கா."

அவள் அழுவாள், சிரிப்பாள், என்னை ஒரு முத்தமாவது கொடுப்பாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் மெதுவாக என் கையை விலக்கிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அவரு ரெண்டு வருஷம் கேட்டாருடி" என்றாள்.

அந்த ஒற்றை நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அவளே என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ என்னடி பண்ணுவ, நல்ல சேதின்னுதானே ஓடிவந்த" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இருந்திருக்கலாம்டி. அந்த மூணுல ஒண்ணாவது இருந்திருக்கலாம்."