யார் அந்தச் சேச்சி?

எழுபதுகளின் நடுவில் நான் மொழியியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். பிறந்து வளர்ந்தது மலையாள நாட்டில், வலியசாலை அக்ரஹாரத்தில். எங்கள் தெருத் தமிழுக்குள் மலையாளம் எங்கெங்கே புகுந்திருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பு. வீட்டில் இதை ஒரு படிப்பாகவே யாரும் மதிக்கவில்லை. கனத்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நான் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்த்து அம்மா கேட்பாள்:

"நாம ஆத்துல பேசறதைப் பிடிச்சு வச்சிண்டு ஆருக்கு என்னடீ ப்ரயோஜனம்? மருந்து கண்டுபிடிக்கறா, பாலம் கட்டறா, அதெல்லாம் ஆராய்ச்சி. நீ பண்றது என்ன?"

"தெரியலைம்மா" என்பேன். கிண்டலுக்குச் சொன்னதில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஒரு நாள், கழக்கூட்டம் போகும் சாலையில் இருந்த எங்கள் துறைக்கு ஒரு டாக்டர் வந்தார். மலையாளி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்பு வைத்தியம் பார்க்கிறவர், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். தமிழும் மலையாளமும் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று என் வழிகாட்டியிடம் கேட்டார். வழிகாட்டி என்னைக் கூப்பிட்டார்.

டாக்டர் சொன்ன விஷயம் இதுதான். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவர் டீ கிளாஸ்களோடு நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. சில வாரங்களில் ஒன்றிரண்டு வார்த்தைகள் திரும்பின. ஆனால் அத்தனையும் மலையாளம். மனிதரோ திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வாலிப வயதில் இங்கே வந்து ஹோட்டலிலேயே தங்கிவிட்டவர். மனைவியும் மகளும் ஊரில். அவர் பொங்கலுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் போய் வருவார்.

"மனைவி தமிழில் கேட்டால் முழிக்கிறார். தமிழ் அடியோடு போய்விட்டதா, உள்ளே இருந்தும் வெளியே வரவில்லையா? எனக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவுக்கு மலையாளம் தெரியாது" என்றார் டாக்டர்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். கட்டிலில் மெலிந்த, நரை கலந்த மீசைக்காரர். சுவரோரமாகத் தரையில் அவர் மனைவி. நான் தமிழில் பேசினதுதான் தாமதம், எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க தமிழா? நல்லா இருப்பீய. இவுகள என்னன்னு கேளுங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? எங்கிட்ட ஒரு வார்த்த தமிழ்ல பேச மாட்டேங்காவ. நேத்து வெல்லம் வெல்லம்னு கேட்டாவ. வாயக் காட்டிக் காட்டிக் கேட்டாவ. கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்து வாயில வச்சேன். துப்பிட்டு என் கையத் தட்டி விட்டுட்டாவ."

"அவர் கேட்டது தண்ணி" என்றேன். "மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி."

அவள் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டுபோய் அவர் வாயருகே பிடித்தாள். அவர் குடித்தார். குடித்து முடித்ததும் "மதி, சேச்சி" என்றார். மதி என்றால் போதும்.

அவள் முகம் மறுபடி சுருங்கிவிட்டது. என்னைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"கேட்டீங்கள்லா? வாயத் தொறந்தா சேச்சி சேச்சிங்காவ. யாரு டீச்சர் அந்தச் சேச்சி? எங்க அண்ணன் வந்து பாத்துட்டுச் சொல்லுதான், இவுக இங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டு இருந்திருக்காவளாம். அதான் என்னயப் பாக்கும்போதும் அவ பேரே வாயில வருதாம்."

"அது பேரில்லைம்மா. சேச்சின்னா அக்கா. இங்க ஹோட்டலுக்கு வர்ற பொம்மனாட்டிகள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவா. நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுறார், கவனிச்சுப் பாருங்கோ."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, வார்டைத் துடைக்க வந்த கிழவியைப் பார்த்து அவர் "சேச்சி, சேச்சி" என்று வழிவிடுவதற்காகக் கட்டிலிலிருந்து தொங்கிய காலை நகர்த்தப் பார்த்தார். மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பரிசோதனை அன்றைக்கே தொடங்கியது. அவருக்குத் தமிழ் புரிகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. கண்ணை மூடச் சொன்னால் மூடினார். ஜன்னலைக் காட்டச் சொன்னால் இடது கையால் காட்டினார். சொல்ல வைப்பதுதான் கஷ்டம். டாக்டர் ஒரு சீப்பைக் காட்டினார். நோயாளி சரியாகச் சொன்னார். குடை, கத்தி, மீன் எல்லாம் சொன்னார். டாக்டர் மகிழ்ந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்குத்தான் சங்கடம். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் அவை. அவர் எந்த மொழியில் சொன்னார் என்று எப்படிச் சொல்வது?

எது பொது, எது தமிழ் மட்டும், எது மலையாளம் மட்டும் என்று பிரிப்பதைத்தானே நான் ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து நாற்காலி, கதவு, தண்ணீர், சாப்பாடு என்று இரண்டு மொழியிலும் வேறு வேறு பெயருள்ளவற்றை மட்டும் எடுத்து, அட்டைகளில் படம் வரைந்தேன். அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இதென்ன, குழந்தைகள் பள்ளிக்கூடம் வைக்கப் போறயா?" என்றாள்.

அந்த அட்டைகளைக் காட்டினதும் விஷயம் தெளிவாகிவிட்டது. கசேர, வாதில், வெள்ளம், ஊணு. ஒன்றுகூடத் தமிழில்லை. தாய்மொழிதான் ஆழத்தில் இருக்கும், அதுதான் முதலில் திரும்பும் என்று நான் நினைத்திருந்தேன். சிலருக்கு விழுவதற்கு முன் நாளெல்லாம் எது வாயில் இருந்ததோ அதுவே முதலில் வரும் என்றார் டாக்டர். இவர் வருடக்கணக்காக விடிந்ததிலிருந்து கடை மூடும் வரை மலையாளத்தில் ஆர்டர் சொன்னவர்.

இனி எந்த மொழியில் பயிற்சி கொடுப்பது? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. டாக்டரின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம்: டாக்டர், நான், டாக்டர் தன் உதவிக்கு அழைத்திருந்த மனோதத்துவ ஆசிரியை, என்னோடு பஸ்ஸில் வரும் பொருளாதார ஆராய்ச்சி மாணவர். இந்த நண்பர் ஹோட்டல் தொழிலாளிகளைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளி வேலை பார்த்த ஹோட்டல் முதலாளியையும் அவருக்குத் தெரியும்.

நான் தமிழ்தான் வேண்டும் என்றேன். பெண்டாட்டியோடு பேச முடியாமல் ஒருவருக்கு என்ன பேச்சு?

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேலை போனால் அந்த வீடே படுத்துவிடும். முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து, உள்ளே ஆர்டர் சொன்னால் போதும் என்கிறார். அதற்கு மலையாளம் வேண்டும்."

மனோதத்துவ ஆசிரியை சில நாட்களாக வார்டில் சும்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். "மனைவி எதிரில் வார்த்தை வராதபோது அந்த மனிதர் கூசிப்போகிறார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அதைப் பார்த்தீர்களா?" என்றார். "வருகிற மொழியில் முதலில் நாலு வார்த்தை பேசித் தைரியம் வரட்டும். ஆனால் இதை நாம் முடிவு செய்யக்கூடாது. அந்த அம்மாவைக் கேளுங்கள்."

கேட்க வேண்டியது நான். அன்று அவள் அண்ணனும் வந்திருந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க ஆயிரம் சொல்லுங்க. பேச்சில்லாதவன்கூட இவ இங்க கெடந்து என்ன செய்யப்போறா? ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவுகளுக்கு நான் சொல்லுதது வெளங்குதுல்லா?"

"நன்னா வெளங்கறது. எல்லாம் புரியறது. நாக்குலதான் வரலை."

"பொறவு என்ன? அவுக மலையாளம் பேசட்டும். நான் அதப் படிச்சுக்கிடுதேன். நீங்க சொல்லித் தருவீங்களா?"

மகளை ஊரில் மாமியாரிடமே விட்டுவிட்டு அவள் தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலையும் பிடித்துக்கொண்டாள். சாயங்காலங்களில் நான் வருவேன். அதே அட்டைகள். ஆசிரியை சொன்னபடி அவரைத் தனியாகத் திணறவிடாமல் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். அவள் தப்பாகச் சொல்வாள்; அவர் திருத்துவார். அவள் "வாதில்" என்பதை "வாதுல" என்று சொல்லும்போதெல்லாம் அவர் தலையை ஆட்டி, வாயைக் கோணிக்கொண்டு மெல்ல மெல்லச் சரியாகச் சொல்லிக் காட்டுவார். இதை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. கற்றுக்கொடுக்கிறவராக ஆனதும் அவர் கூச்சம் போய்விட்டது. டாக்டர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலேயே திரும்பிப் போன நாட்கள் உண்டு.

மழைக்காலம் முடிந்தபோது அவர் கம்பு ஊன்றி நடந்தார். முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நானும் நண்பரும் தம்பானூரில் இறங்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்போம். வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்து "ரண்டு சாயா" என்பார். அவசரப்படும் ஆட்களிடம் திக்குவார். சிலர் சலித்துக்கொண்டு எழுந்தும் போனார்கள்.

தமிழ் அடுத்த வருஷம்தான் வந்தது. அன்று அவள் என்னைத் தேடி வலியசாலைக்கே வந்துவிட்டாள். வாசலிலிருந்தே கத்தினாள்.

"டீச்சர்! காலைல கொழம்பு கரிஞ்சு போச்சு. 'மூதேவி, அடுப்பப் பாரு'ன்னாவ! தமிழ்ல வஞ்சுட்டாவ டீச்சர்!"

திட்டு வாங்கின மகிழ்ச்சியில் அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை. அம்மா அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். அவளை எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். அவளே முழுக்கதையும் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் டேப் ரிக்கார்டருக்குத் தன் பழைய பட்டுப்புடவைத் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்தாள்.

முழுத் தமிழும் அவருக்குத் திரும்பவில்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் பாதி புரியாமல் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று அவள் சொல்வாள். அந்த இடங்களில் அவளே இடையில் நின்று அவர் பேச்சைத் தமிழில் சொல்லிவிடுவாளாம். அன்று கோபித்துக்கொண்டு போன அண்ணன் அதன்பிறகு அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. மகளை மட்டும் இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்த்தார்கள்.

என் ஆராய்ச்சித் தலைப்பை நான் மாற்றவில்லை. வழிகாட்டி அனுமதித்திருக்க மாட்டார். எனக்கும் அந்தத் தெருப் பேச்சின்மேல் முன்பில்லாத மரியாதை வந்திருந்தது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அந்த வார்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பேச்சிழந்து வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது வீட்டில் என்ன மொழி, வேலையில் என்ன மொழி என்பதாக ஆகிவிட்டது.

ஒரு நாள் டாக்டர் மறுபடியும் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். பேச்சு நின்றுபோன பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், வீட்டில் கொங்கணி, கடையில் மலையாளம், மூட்டை தூக்குகிறவர்களோடு தமிழ் என்றார்.

"எனக்குக் கொங்கணி தெரியாதே டாக்டர்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார்.

இருவரும் கொங்கணி தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டு வெயிலில் இறங்கினோம்.