அம்பாசிடர் கியர்பாக்ஸில் அசையாத ஒரு ஸ்க்ரூ

கியர்பாக்ஸ் வேலை பாக்கறவனுக்கு ஒலகத்துல ரெண்டே வகை ஸ்க்ரூதான்: ஓடுற வண்டியில தானா கழண்டு விழுறது ஒண்ணு, கழட்டணும்னு உக்காந்தா கழலாதது ஒண்ணு. வீட்டுல மிக்ஸியைத் திறக்கப் போய், ஸ்க்ரூ தலையை மொழுக்குனு ஆக்கிட்டு, யாரும் பாக்கறதுக்குள்ள அப்படியே திருப்பி வெச்சிருக்கீங்கல்ல? வாங்க, நீங்களும் நம்ம ஆளுதான். மண்ணூர்ல ஷெட் போடறதுக்கு முன்னாடி நான் ஒரகடத்துல ஒரு லாரி கம்பெனியில, கியர்பாக்ஸ் லைன்ல பன்னெண்டு வருஷம் நின்னவன். அந்தத் திமிரு கொஞ்சம் உண்டு.

முன்னாடி கை வெச்சவன்

திங்கக்கிழமை காலையில ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வந்துது. வண்டிக் கண்ணாடி பண்ற கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருந்துது. கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு புள்ளைங்க. செம்பரம்பாக்கம் ஏரி தொறந்த வெள்ளத்துல முங்கிக் கெடந்த பழைய அம்பாசிடர் ஒண்ணை வாங்கி, பெயின்ட் அடிச்சு, சீட்டு தெச்சு, பளபளன்னு வெச்சிருந்துது. கல்யாணத்துக்கு மாப்ள, பொண்ணு ஏத்திக்கினு போவ. இனிமே ஸ்டெல்லாவுக்கு அதுதான் பொழப்பு. மொத சவாரி ஞாயித்துக்கிழமை, மண்ணூர் சர்ச்சுல. ஆனா செகண்ட் கியர் போட்டா நிக்காம துள்ளி வெளிய வருது.

பிரிச்சேன். எல்லாம் வந்துது, ஷாஃப்ட் நுனியில இருந்த ஒரு ஸ்க்ரூ தவிர. அது வந்தாத்தான் பல்சக்கரத்தை உருவ முடியும். அதோட தலைப் பள்ளத்தை எவனோ ஏற்கெனவே சிதைச்சு வெச்சிருந்தான். ஷாஃப்ட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேற ஷாஃப்ட் எங்க தேடினாலும் கிடைக்காது, வண்டி எடைக்குத்தான் போவும். "எந்தப் பாவி இதுல கை வெச்சான்? அவன் கை வெளங்குமா?"ன்னு கத்தினேன். ஸ்டெல்லா எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, பனியன் வேஸ்ட் துணியால ஷாஃப்ட்டைத் துடைச்சுக்கினு இருந்துது. நான் மூச்சு விட்ட கேப்புல மெதுவா கேட்டுது: "அண்ணா, ஸ்க்ரூ பக்கத்துல சின்னதா ஒரு அம்பு மாதிரி கீறியிருக்கே, அது இன்னாண்ணா?"

ஊறட்டும்

"எவனோ ஸ்க்ரூ டிரைவரை வழுக்க விட்டிருக்கான்மா"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம டீசலை ஊத்தி ஊற வெச்சேன். செவ்வாக்கிழமை இம்பாக்ட் டிரைவரை எடுத்தேன். அதோட மண்டையில சுத்தியால போட்டா, அடியோட சேந்து தானே திருகும். எப்பேர்ப்பட்ட ஸ்க்ரூவும் அதுக்கு மசியும். அடிச்ச அடியில எதிர்க்கடை டீ கிளாஸெல்லாம் ஆடிச்சு, ஸ்க்ரூ ஆடல. மிச்சமிருந்த பள்ளமும் போச்சு. இப்ப சிதைச்ச பாவி யாருன்னு நல்லவேளையா யாரும் கேக்கல. டீக்கடை ஆறுமுகம் மட்டும் கிளாஸைப் புடிச்சுக்கினே சொன்னாரு: "செம்பரம்பாக்கத்துத் தண்ணிக்கே அசையாத ஸ்க்ரூப்பா, உன் ஒரு லிட்டர் டீசலுக்கா அசையப் போவுது?"

அஞ்சு ஏன்

புதன்கிழமை, என்னோட பழைய கம்பெனியில குவாலிட்டி பாக்கற பாலாஜி, ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா ஷெட்டுக்கு வந்தான். அவங்க டிபார்ட்மென்ட்ல எதுக்கும் அஞ்சு தடவை 'ஏன்' கேக்கணும், அதுதான் அவங்களுக்கு வேதம்.

"ஸ்க்ரூ ஏன் வரல?"

"இறுகிடுச்சு."

"ஏன் இறுகிச்சு?"

"துரு."

"ஏன் துரு?"

"தண்ணி."

"ஏன் தண்ணி?"

"மழை!"

"ஏன் மழை?"

நான் சுத்தியைக் கையில எடுத்தேன். ரெண்டடி பின்னால போய் நின்னுக்கினு, அப்பவும் வாய் அடங்காம சொன்னான்: "கோச்சுக்காத தலைவா, துருன்னு நீயா முடிவு பண்ணிட்ட, இன்னும் ஒருத்தரும் கண்ணால பாக்கவே இல்லையே!"

குணா வெச்ச நட்டு

பக்கத்துல லேத்தும் வெல்டிங்கும் வெச்சிருக்கிற குணாவுக்கு ஊரு திருநெல்வேலி. வியாழக்கிழமை அவரு ஸ்க்ரூ தலை மேலயே ஒரு நட்டை வெல்டு பண்ணிக் குடுத்தாரு. நட்டுல ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி, இடப்பக்கமா ஒரு இழுப்பு இழுத்தேன். 'டொக்'. நட்டு பிச்சுக்கினு வந்துது, நான் பழைய டயர் மேல போய் விழுந்தேன்.

அந்த நேரம் பாத்து ஸ்டெல்லா வாசல்ல நின்னுது. கல்யாண வூட்டுல இருந்து போன் மேல போன் வருதாம். கண்ணு கலங்கிடுச்சு. அதைப் பாத்ததும் எனக்கு இடுப்பு வலியெல்லாம் பறந்து போச்சு. குணா என்னைத் தூக்கி விட்டுக்கிட்டே சொன்னாரு: "ஸ்க்ரூ அப்படியே இருந்த எடத்துலதான் இருக்கு அண்ணாச்சி, நீங்க மட்டுந்தான் கழண்டு வந்திருக்கீய."

வெள்ளிக்கிழமை டிரில்

இனி ஒரே வழி, டிரில் போட்டு ஸ்க்ரூ தலையைக் குடைஞ்சு எடுக்கறது. கோடு விலகினா ஷாஃப்ட் காலி, ஸ்டெல்லாவோட ஞாயித்துக்கிழமையும் காலி. அது மாதாவைக் கும்புட்டுக்கினு நின்னுது. நான் டிரில்லை நேரா நிறுத்திப் புடிச்சேன். சுவிட்சைத் தட்டினேன். டிரில் லேசா கடிச்சுது. அவ்வளவுதான், ஸ்க்ரூ டிரில்லோட சேந்து சுத்திக்கினே முழுசா வெளிய வந்துடுச்சு!

டிரில் வலப்பக்கம் சுத்துது. வலப்பக்கம் சுத்தினா ஸ்க்ரூ உள்ளதானே போவணும்? எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். ரிவர்ஸ் மரை. வண்டி ஓட ஓட ஷாஃப்ட்ல தானா கழலக் கூடாதுன்னு எதிர்ப்பக்கமா மரை வெட்டியிருக்காங்க. திங்கக்கிழமையில இருந்து நான் கழட்டல சாமி, இறுக்கியிருக்கேன்! நான் வாய்க்கு வந்தபடி திட்டின அந்தப் பாவியும் இதையேதான் பண்ணியிருக்கான். அவனுக்கும் முன்னாடி யாரோ ஒரு புண்ணியவான், எந்தப் பக்கம் திருப்பணும்னு அழகா அம்பு கீறி வெச்சுட்டுப் போயிருக்கான். அம்பு வலப்பக்கம் காட்டுது.

பல்சக்கரத்தை உருவி சரி பண்ணேன், குணா அதே மரையில புது ஸ்க்ரூ கடைஞ்சு குடுத்தாரு. அம்பு மேல நானும் ஒரு தடவை ஆழமா கீறி வெச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா வண்டியை எடுத்துக்கினு செம்பரம்பாக்கம் வரைக்கும் போய் வந்துது. செகண்ட் கியர் கம்முனு நின்னுது. எறங்கும்போது அதுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அன்னைக்கே ஏம்மா அழுத்திச் சொல்லலன்னு கேட்டேன். "பெரிய மெக்கானிக்காச்சே, நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேண்ணா; எங்க லைன்ல அம்பு போட்டிருந்தா, போட்டவனுக்கு வேலை தெரியும்னு நம்பி அந்தப் பக்கம்தான் திருப்புவோம்."

இப்பல்லாம் எந்த ஸ்க்ரூவா இருந்தாலும் மொதல்ல வேஸ்ட் துணியால நல்லா துடைச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் முன்னாடி கை வெச்சவனைத் திட்டறேன்.