இரண்டு கிளாவர் என்றால்

"ஒன் நோ டிரம்ப்" என்று நான் ஏலம் கேட்டது எதிரில் இருந்தவர்கள் காதில் விழவில்லை. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் அண்ணாவோடு வேலை பார்ப்பவர்கள் சனிக்கிழமை தோறும் கூடும் பிரிட்ஜ் சீட்டாட்டம் அது. மறுபடி கேட்டேன். தகரத்தை அரத்தால் ராவியது போல ஒரு சத்தம்தான் வந்தது.

"என்னடா கிட்டு, தொண்டையை ஆத்திலேயே வச்சுட்டு வந்துட்டியா?" என்றான் அண்ணா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பில் சத்தமே இல்லை.

ஜலதோஷம் என்று சுக்குக் கஷாயம் குடித்தேன். குரல் திரும்பவில்லை, சாயங்காலங்களில் சுரம் வந்தது. டாக்டர் பாபு ஒரு சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி, தொண்டைக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். குரல்வளைக் காசம் (நுரையீரலில் இருக்கும் காசநோய் மேலே ஏறி, குரல் பிறக்கும் இடத்தைப் புண்ணாக்குவது) என்றார். குணப்படுத்தும் மருந்து இல்லை; குரலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறலாம்.

"ஏக்தம் சுப்" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஒரு வார்த்தை கூடாது. முணுமுணுக்கக் கூடாது, முணுமுணுப்பு தொண்டையை இன்னும் அதிகமாக வருத்துமாம். இருமல் வந்தால்கூட அடக்கப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று அண்ணா கேட்டான்.

"இந்தக் கண்ணாடி போதும் என்று சொல்லும் வரை."

திரும்பும்போது டிராமில் அண்ணா சொன்னான்: "நம்மாத்துக்கு உண்டான வாயையெல்லாம் பகவான் உனக்கே கொடுத்திருந்தான். கொஞ்ச நாள் திருப்பி வாங்கிக்கறான், போ." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பவானிபூர் வீட்டின் மாடி அறை, ஒரு கட்டில், ஒரு கொசுவலை. இனி அதுதான் நான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவன். இப்போது பதில் நாக்கு நுனி வரை வரும். அதை விழுங்க வேண்டும். அந்தியில் பக்கத்து வங்காளி வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதுவார்கள். அவ்வளவு மூச்சை அவர்கள் வீணாக்குவதாக எனக்கு ஆத்திரம் வரும்.

சிலேட்டு வேண்டாம், பலப்பத்தூள் மார்புக்கு ஆகாது என்றார் டாக்டர். காகிதத்தில் காலையில் கொஞ்சம் எழுதலாம். மற்ற நேரம் கையும் ஓய்ந்திருக்க வேண்டும். அதனால் ஒரு சீட்டுக்கட்டை மார்மேல் வைத்துக்கொண்டேன். இஸ்பேட் தூக்கினால் வலி, ஆட்டின் என்றால் பசி, கிளாவர் என்றால் தாகம், டைமன் என்றால் காகிதம் வேண்டும். எதுவும் தூக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. பிரிட்ஜ் ஆட்டத்தில் 'பாஸ்' சொல்வது போல.

அண்ணா ஆபீசிலிருந்து வந்ததும் வாசற்படி அருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவான். அதற்கு இப்பால் வரக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. என் பங்குச் சீட்டுகளை அண்ணாவின் மனைவி, என் மன்னி, கொண்டுவந்து வலைக்குள் கொடுப்பாள். எதிராளிகள் இருவர் கையையும் அண்ணாவே ஆடுவான்; என் ஏலத்துக்கு மார்மேல் இருக்கும் கட்டிலிருந்து அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டுவேன். அண்ணா 'ஒன் நோ டிரம்ப்' கேட்பான். அதாவது, என் கை எல்லா ஜாதியிலும் பலமாக இருக்கிறது, துருப்பு இல்லாமலே ஆடலாம் என்று கூட்டாளியிடம் சொல்வது. கூட்டாளி என்ன பதில் சொல்வது? சனிக்கிழமை ஆட்டத்தில் அவரவர் மனம் போனபடி சொல்லுவார்கள். நான் அதை ஒழுங்காக வகுக்க வேண்டுமென்று வெறியாக இருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே பொருள். இரண்டு ஆட்டின், இரண்டு இஸ்பேட் என்றால் அந்த ஜாதியில் ஐந்து சீட்டும் பலமும் உண்டு. இரண்டு நோ டிரம்ப் என்றால் மேலே போகலாம். பாஸ் என்றால் இங்கேயே நிற்கலாம்.

பலமான கைகளெல்லாம் சொன்னபடி கேட்டன. சோப்ளாங்கிக் கைகளில்தான் உதை மேல் உதை.

"ஒண்ணும் இல்லாதவன் வாயை மூடிண்டு கிடக்கணும். அதான்டா ஆட்டம்" என்றான் அண்ணா.

அந்த நாட்களில்தான் விழுங்குவது கஷ்டமாயிற்று. தண்ணீர் கண்ணாடித் தூள் மாதிரி இறங்கியது. முதலில் இஸ்பேட்டைத் தூக்கினேன். மன்னி வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து மார்பில் வைத்தாள். அடுத்த நாளும் அதே பை. பிறகு தூக்குவதை விட்டேன். பசியைச் சொன்னால் கஞ்சி வரும் என்ற பயத்தில் ஆட்டினையும் தொடவில்லை. எனக்கு இருந்தது வலியும் அல்ல, பசியும் அல்ல. தாங்குவதற்கு என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. அதற்கு ஒரு சீட்டு வகுத்திருக்கவில்லை; காலைக் காகிதத்தில் எழுதவும் வார்த்தை வரவில்லை.

"இப்பெல்லாம் தொந்தரவே பண்றதில்லை, சமத்தா இருக்கான்" என்று மன்னி கீழே யாரிடமோ சொல்வது கேட்டது. "நன்னா தேறிண்டு வரான்" என்று அண்ணா டாக்டரிடம் சொன்னான். டாக்டரும் வருவதைக் குறைத்துக்கொண்டார். வலைக்குள் படுத்தபடி என் நல்ல உடம்பைப் பற்றி நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தோற்ற கையொன்றைப் போர்வைமேல் பரப்பிப் பார்த்தபோது உறைத்தது. 'பாஸ்' என்ற ஒரே பதிலில் இரண்டு பேரை அடைத்து வைத்திருந்தேன்: சுகமாக இருப்பவனையும், நாதியற்றவனையும். மறுநாள் காலை காகிதத்தில் அண்ணாவுக்கு எழுதிக் காட்டினேன். இரண்டு கிளாவர் என்றால் கிளாவர் இருக்கிறது என்று பொருளில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை, இங்கே நிற்காதே, உன்னிடமுள்ள நீளமான ஜாதிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ.

"கிளாவரே இல்லாம கிளாவர் கேக்கறதா? இது ஊரை ஏமாத்தற வேலைடா!"

எதிராளிகளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் ஏமாற்று இல்லை என்று எழுதினேன். முனகிக்கொண்டே பழகினான்.

சில நாள் கழித்து அவன் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், வாசற்படியில் நின்று வழக்கம்போல் கேட்டான். "எப்படிடா இருக்கே?"

தாகத்துக்கு ஏதாவது ஒரு கிளாவர் போதும்; நான் சீட்டுக்கட்டில் தேடி இரண்டு கிளாவரை எடுத்துத் தூக்கினேன்.

"நான் இன்னும் ஏலமே கேக்கலையேடா" என்று சிரித்தான். கையை நான் இறக்கவில்லை. சிரிப்பு நின்றது. ஸ்டூலைத் தாண்டி வந்து, வலையை விலக்கி, கட்டிலில் உட்கார்ந்தான்.

"கையிலே ஒண்ணுமே இல்லையாடா?"

தலையசைத்தேன்.

"எப்போலேருந்து?"

அதற்குச் சீட்டு இல்லை. அவன் எழுந்து, வந்த சட்டையோடு டாக்டர் வீட்டுக்கு ஓடினான்.

குரல்வளை மூடி (விழுங்கும்போது மூச்சுக்குழலை அடைக்கும் சிறு மடல்) புண்ணாகி வீங்கியிருந்தது. சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் ஒரு பொடியைத் தொண்டையில் ஊதச் சொன்னார் டாக்டர். பிறகு கவிழ்ந்து படுத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கும் டம்ளரிலிருந்து குழாய் வழியாகப் பாலை உறிஞ்ச வேண்டும். அப்படி உறிஞ்சினால் புண்மேல் அதிகம் படாது.

மன்னி தரையில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொள்வாள். "பாலைக் குடிச்சுண்டே என் காலைத்தான் பார்க்கணும் நீ. மெட்டி தேஞ்சு போச்சுன்னு உங்க அண்ணாகிட்ட எழுதிக் காட்டு" என்பாள். சிரிக்கவும் கூடாது எனக்கு. குழாயில் குமிழி வரும்.

இதே மௌனத்துக்குள் போகப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பசிக்கும் தாகத்துக்கும் சைகை தானாக அமையும். முடியவில்லை என்பதற்கு ஒரு சைகையை, முடிகிற நாளிலேயே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போதும் என்று சொன்ன நாளில் டாக்டர் 'ஆ' சொல்லச் சொன்னார். வந்தது என் குரல் இல்லை; தாழ்ந்த, கரகரத்த யாரோ ஒருவருடையது. அது நிலைக்குமா என்று கேட்டதற்கு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை மறுபடி ஆடப் போனேன். அண்ணா 'ஒன் நோ டிரம்ப்' கேட்டான். என் கையில் ஒன்றும் இல்லை. "டூ கிளாவர்" என்றேன்.

"அப்படின்னா?" என்றார் எதிரே இருந்தவர்.

"அவன் கையிலே ஒண்ணுமில்லைன்னு அர்த்தம், சார். இனிமே நான்தான் பார்த்துக்கணும்" என்றான் அண்ணா.

ஒரு பிடி குறைந்து தோற்றோம். பாஸ் சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்போம் என்று அண்ணா வாதாடினான்.

முன்பெல்லாம் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே இடமே இருக்காது. இப்போது இருக்கிறது. யோசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். தொண்டைக்குள் குரல் இருக்கிறதா என்று, இருட்டறையில் தீப்பெட்டியைத் தடவுவது போல, ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்கிறேன். அடுத்த கை போட்டார்கள். அண்ணா கேட்டான். என் முறை வந்தது. அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தான்.